சாரைகள் பிணைந்த களம்

ரஞ்சிதம் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியபோது அக்கா வீட்டு மனிதர்கள் யாரும் வரவில்லை. பண்ணையாள் கண்ணையன் மட்டும் மாட்டுவண்டியோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சித்திரை மாதம் அது. அவள் இண்டர்மீடியட் படித்த பெண்கள் கல்லூரியை மூடி, ஹாஸ்டலையும் பூட்டிவிட்டார்கள். மற்றப் பெண்களுக்குப் போக ஒரு வீடு இருந்தது. ரஞ்சிதத்தின் தாய் அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டாள். அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த நைனாவும் போன வருஷம் கண்ணை மூடிவிட்டார். மிச்சம் இருந்தது கூடப்பிறந்த அக்கா கோவிந்தம்மாள் ஒருத்திதான்.

கே.ஜி. கண்டிகைக்குப் போகும் பாதையில், கரும்புக்கொல்லையை ஒட்டி இருந்தது அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு. வண்டிச் சத்தம் கேட்டு கோவிந்தம்மாள் வெளியே வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள்.

"எத்தினி நாளைக்கு?"

"காலேஜ் தொறக்கற வரைக்கும்க்கா."

"எப்பத் தொறப்பாங்க?"

"தெரியல."

"தெரியாமத்தான் இவ்ளோ பெரிய பொட்டிய இஸ்துகினு வந்தியா?"

மாமியார் தாயாரம்மாள் மருமகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ரஞ்சிதத்தின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "உள்ள வாம்மா. இது உன் ஊடு மாதிரி" என்றாள். அதைக் கேட்டதும் அக்காவின் முகம் சுருங்கியதை ரஞ்சிதம் கவனித்தாள். காரணம் அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். சாணி வாடையும் உண்ணியும் உள்ள அறை. கோவிந்தம்மாள் ஒரு பாயைக் கொண்டுவந்து வாசலிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

கல்லூரியை மூடிய அன்று, விலங்கியல் எடுத்த மிஸ் அன்னம்மாள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார். "புத்தகத்தில் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் ஒவ்வொரு பிராணி வருகிறது. நீங்கள் ஒரே ஒரு பிராணியை எடுத்துக்கொள்ளுங்கள். செரிமானம், சுவாசம், இனப்பெருக்கம், வகைப்பாடு என்று எல்லா அதிகாரத்தையும் அந்த ஒன்றின் உடம்பிலேயே தேடுங்கள். திரும்பி வந்து புத்தகத்தை என்னிடம் ஒப்பிக்க வேண்டாம்" என்றார். ரஞ்சிதம் தவளையை எடுத்துக்கொள்வதாக நினைத்திருந்தாள். ஆனால் ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்த அந்த வெயிலில் தவளைக்கு எங்கே போவது?

வந்த சில நாளில் வைக்கோல்போரைப் பிரித்துக்கொண்டிருந்த கண்ணையன் ஒரு பெரிய சாரைப்பாம்பை அடித்துவிட்டான். மூங்கில் கழியில் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் போனவனை ரஞ்சிதம் நிறுத்தினாள்.

"அத்த எனக்குக் குடு."

"இன்னாத்துக்குங்க?"

"அறுத்துப் பாக்கணும்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பாம்பைக் கழியோடு அவள் காலடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய பலகையைக் கிடத்தி, பெட்டியில் வைத்திருந்த கல்லூரிக் கத்தியாலும் கத்திரிக்கோலாலும் அதைத் திறந்தாள். மஞ்சளும் பழுப்புமான உடம்பு, உதட்டு ஓரங்களில் கறுப்புக் கோடுகள், பெரிய வட்டமான கண். தோலை விலக்கியதும் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்ததெல்லாம் வேறு விதமாகக் கிடந்தது. மற்றப் பிராணிகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் உறுப்புகள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஒரு சிறுநீரகம் முன்னால், இன்னொன்று அதற்குப் பின்னால். கல்லீரல் நாடா போல நீண்டிருந்தது. நுரையீரல் ஒன்றுதான்; இடது பக்கத்து நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் நகக்கண் அளவு சதை மட்டும் இருந்தது. குறுகலான உடம்புக்குள் குடித்தனம் நடத்த இந்தப் பிராணி எதையெல்லாம் தள்ளி வைத்திருக்கிறது, எதையெல்லாம் விட்டுக் கொடுத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது, தகவமைப்பு என்ற அதிகாரத்தை அன்றைக்குத்தான் படித்ததுபோல இருந்தது. இரைப்பையில் ஒரு எலி. தலைப்பக்கம் கரைந்து எலும்பாகியிருந்தது, வால்பக்கம் மயிர்கூட நனையாமல் இருந்தது. தலையை முதலில் விழுங்கியிருக்கிறது.

இன்னும் கீழே போனபோது முட்டைகள் இருந்தன. வெள்ளை வெளேரென்று, நூலில் கோத்த மாதிரி வரிசையாக.

அவளுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. சாணி அள்ள வந்த கோவிந்தம்மாள் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் முட்டைகள் மேலேயே இருந்தது.

"முட்டையோட இருக்கறதயா அறுத்தே?"

"அது முன்னாடியே செத்துப்போச்சுக்கா. கண்ணையன்தான் அடிச்சான்."

"அடிச்சவன் அறுக்கலயே. கர்ப்பத்தக் கிழிச்சுப் பலகையில பரப்பி வெச்சுகினு உக்காந்திருக்கறவ நீதானே." கோவிந்தம்மாளின் குரல் உயரவில்லை. "பத்து வருசமா வயித்துல ஒண்ணு தங்காம நான் கோயில் கோயிலா சுத்திகினு இருக்கறேன். என் ஊட்ல உக்காந்து நீ இதப் பண்ற."

அன்றிலிருந்து ரஞ்சிதம் சமையலறைக்குள் நுழையக்கூடாது என்று ஆயிற்று. சோற்றை வாழையிலையில் வைத்துக் கொட்டகை வாசலில் தள்ளிவிட்டுப் போவாள் அக்கா. கிணற்றடியில் தங்கை இருந்தால் குடத்தை இறக்காமல் திரும்பிவிடுவாள். வீட்டில் பால் திரிந்தாலும் பசு உதைத்தாலும், "நாகதோஷம் ஊட்டுக்குள்ளயே வந்து பாய் போட்டுகினு கெடக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்.

ரஞ்சிதமும் பணிந்து போகிறவள் இல்லை. வைக்கோல்போரிலும் வரப்பிலும் அடிபட்ட சாரைகளைக் கேட்டு வாங்கி அறுத்தாள். வால் தொடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஆணாக இருந்தால் உள்ளே மடங்கிக் கிடக்கும் இரட்டை உறுப்பு, கையுறையின் விரலை வெளியே புரட்டியதுபோலப் பிதுங்கி வரும். பெண்ணுக்கு ஒன்றும் வராது. ஊரில் எல்லோரும் நல்லபாம்புக்குப் புருஷன்தான் சாரை என்றார்கள். சாரையில் பெண்ணே கிடையாது என்று கண்ணையனும் சத்தியம் செய்தான்.

"அப்போ முட்டை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் ரஞ்சிதம்.

"அது சாரையா இருக்காதுங்க. வேற எதனா இருக்கும்."

"அடிச்சவன் நீதானே. அப்போ சாரைன்னுதானே சொன்னே."

"படிச்சவங்ககிட்ட வாய் குடுக்க முடியுங்களா" என்று சொல்லி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த சாரையை அடித்தபோது அவளிடம் கொடுக்காமல் கொளுத்திவிட்டான்.

தாயாரம்மாள் மட்டும் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. கை நாறுகிறது என்று சீயக்காய் எடுத்துக் கொடுத்தாள். தலை வாரிப் பின்னிவிட்டாள். ஒரு மத்தியானம் பக்கத்துக் கொல்லைக்காரி ஒருத்தி வந்து, "பாம்ப அறுக்கற பொண்ணா?" என்று கேட்டதற்கு, "கல்யாணம் ஆனா எல்லாத்தையும் விட்டுடுவா. ஆனிக்குள்ள முடிச்சுடணும்னு என் புள்ள துரை சொல்லிகினு இருக்கறான். ஆடி வந்துட்டா முகூர்த்தம் இல்லியே" என்று கிழவி சொன்னது கொட்டகைச் சுவரைத் தாண்டி ரஞ்சிதத்துக்குக் கேட்டது.

யாருடைய கல்யாணம் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பலகையை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். கோவிந்தம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாவாவுக்கு என்னக் கட்டறதா பேசறாங்களா?"

கோவிந்தம்மாள் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். "தெரியாத மாதிரி கேக்கற."

"சத்தியமா தெரியாது."

"எனக்குத் தெரியும். நீ வண்டியில வந்து எறங்கினப்பவே தெரியும். நைனா செத்தப்பவே உன் பாவா உன்னப் பாத்துகினு இருந்தாரு. நானும் பாத்துகினுதான் இருந்தேன்." ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "வேற பொண்ணா இருந்தா சக்களத்தின்னு சண்டை போடலாம். கூடப்பொறந்தவளா இருந்தா ஊர் என்ன சொல்லும்? அக்காவுக்குப் புள்ள இல்ல, தங்கச்சி வந்து குலத்தக் காப்பாத்தினான்னு சொல்லும். நான் அத்தக் கேட்டுகினு உனக்குப் பத்தியம் வடிச்சுக் கொட்டணும்."

"நான் சம்மதிக்க மாட்டேங்க்கா."

"உன்ன யாரு கேட்டா?"

ரஞ்சிதம் அன்று சாயந்திரமே அக்காவின் புருஷன் துரைக்கண்ணுவிடம் போய்ச் சொன்னாள். தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான் அவன். கோபப்படுகிற மனுஷன் இல்லை. அவன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. துண்டால் காதுமடலைத் துடைத்துக்கொண்டே அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"படிப்ப நிறுத்தச் சொல்லலயே. ஊட்ல இருந்தே படி. பாம்பு வேணும்னா கண்ணையன அடிச்சுப் போடச் சொல்றேன்."

"எனக்கு இஷ்டமில்ல பாவா."

"உனக்கு யாரு இருக்கறாங்க ரஞ்சிதம்? யாருகிட்ட போயி நான் கேக்கணும், சொல்லு."

அவன் துண்டைக் கொடியில் விரித்துப் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டு உள்ளே போனான். மறுநாள் அவளுடைய டிரங்குப் பெட்டி தாயாரம்மாளின் அறைக்குப் போய்விட்டிருந்தது. பூச்சி அரிக்கும் என்று கிழவி சொன்னாள்.

வைகாசி நடுவில் கோடைமழை ஒன்று கொட்டியது. அடுத்த நாள் காலை களத்துமேட்டிலிருந்து கண்ணையன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். வீடே எழுந்து ஓடியது. களத்தின் ஓரத்தில், கரும்பு முடியும் இடத்தில், இரண்டு பாம்புகள் கயிறு திரித்த மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பி நின்றன.

"ஒண்ணு நல்லது, ஒண்ணு சாரை" என்றான் கண்ணையன், கையைத் தலைக்கு மேல் குவித்து. "பொணையறப்போ துணி போட்டு எடுத்தா புள்ள இல்லாத ஊட்ல புள்ள பொறக்குங்கம்மா."

கோவிந்தம்மாள் வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். வரும்போது அவள் கையில் கூறைப்புடவை இருந்தது. மூச்சு வாங்க, கிட்டே போகப் பயந்து, ஆனாலும் போனாள். புடவையை விரித்து வீசினாள். அரக்குப் பட்டு பாம்புகளின் மேல் விழுந்து, வழுக்கி, சேற்றில் சரிந்தது. அவள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ரஞ்சிதம் நைனா வீட்டில் பார்த்ததோடு சரி.

ஆனால் பாம்புகளையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டுக்கும் படம் இல்லை. இரண்டின் உதட்டிலும் கறுப்புக் கோடு. நல்லபாம்பு எதுவும் அங்கே இல்லை, இரண்டுமே சாரை. பாம்புகள் பிணைந்து ஆடுவது இணை சேர்வது என்றுதான் அவள் புத்தகமும் சொல்லியிருந்தது. இவை இணை சேரவில்லை. ஒன்றின் தலைமேல் மற்றொன்று ஏறி, அழுத்தி, தரையில் சாய்க்கப் பார்த்தது. சாய்ந்தது மறுபடியும் எழுந்து அழுத்தியது. கடிக்கவில்லை. கடைசியில் சிறியது பிடியை விட்டு ஓடியது, பெரியது கொஞ்ச தூரம் துரத்திவிட்டு வந்தது.

கோவிந்தம்மாள் சேறு படிந்த புடவையை அலசாமல் உலர்த்தி, ஒரு மண்டலம் அதையே விரித்துப் படுப்பதாக வேண்டிக்கொண்டாள். தணிகை மலைக்குப் படியேறிப் போய் வந்தாள். தாயாரம்மாளுக்கும் சாமி குத்தத்துக்குப் பயம். ஆனி முடியட்டும், அதற்குள் வயிற்றில் ஏதாவது நின்றால் பார்க்கலாம் என்று மகனிடம் சொன்னாள். துரைக்கண்ணு சாப்பிட்டு எழுந்தான்.

சில நாள் கழித்து அதே இடத்தில் அந்தப் பெரியதும் சிறியதும் மறுபடியும் பிணைந்தன. இந்த முறை துரைக்கண்ணு கடப்பாரையோடு வந்தான். கண்ணையனை அடிக்கச் சொன்னான்.

"வேணாங்க. பொணைஞ்சத அடிச்சா ஏழு தலமொறைக்கு ஆவாதுங்க."

"கோழிக்குஞ்சு போவுதுன்னு நீதானே சொன்னே." துரைக்கண்ணு அவனை ஒதுக்கிவிட்டுத் தானே இறங்கினான். பாம்புகள் ஒன்றிலொன்று மூழ்கியிருந்ததால் அவன் வந்ததை அறியவில்லை. ஓங்கி ஓங்கி அடித்தான். செத்தபிறகும் அடித்தான். பிறகு நிமிர்ந்து, வீட்டு வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான். கோழிக்குஞ்சுக்காக அவன் அதைச் செய்யவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே ரஞ்சிதத்துக்குத் தெரிந்தது. கோவிந்தம்மாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எருக்குழியில் எறிந்த இரண்டையும் ரஞ்சிதம் எடுத்து வந்து பலகையில் போட்டாள். தலைகள் நசுங்கியிருந்தன, வால்பக்கம் நன்றாக இருந்தது. பெரியதின் வால் தொடக்கத்தை அழுத்தினாள். இரட்டை உறுப்பு பிதுங்கியது. சிறியதை அழுத்தினாள். அதற்கும் அதேதான் வந்தது. நம்பாமல் இரண்டையும் திறந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. இரண்டும் ஆண்கள். கரும்புக்குள் எங்கேயோ ஒரு பெண் சாரை இருக்கிறது. அதற்காக இவை மல்லுக்கட்டியிருக்கின்றன. புத்தகம் எழுதியவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அறுத்துப் பார்க்கவில்லை.

இதை அக்காவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். சொல்ல வைத்தது கோவிந்தம்மாள்தான். சோற்று இலையை வைக்க வந்தவள் பலகையைப் பார்த்ததும் இலையைக் கீழே போட்டாள்.

"சாமி குடுத்தத அவரு கொன்னாரு. நீ கூறு போட்டுகினு உக்காந்திருக்கற. ரெண்டு பேரும் சேந்து பேசி வெச்சுதானே பண்றீங்க? என் வயித்துல எதுவும் வரக்கூடாதுன்னு."

"சாமி ஒண்ணும் குடுக்கல" என்றாள் ரஞ்சிதம். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது வாயில் வந்தது. "நீ புடவை போட்டது புருஷன் பொண்டாட்டி மேல இல்ல. ரெண்டும் ஆம்பள. ரெண்டு ஆம்பள அடிச்சிகினு இருந்ததுக்கு மேல கூறைப்புடவையப் போட்டுட்டு, அது மேல படுத்துகினு இருக்கற."

கோவிந்தம்மாள் அறைந்தாள். ரஞ்சிதத்தின் காது அடைத்துப் போயிற்று. அக்கா மறு கையையும் ஓங்கினாள், ஆனால் அடிக்காமல் அப்படியே நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சொன்னது உண்மை என்பதில் ரஞ்சிதத்துக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆனாலும் சிந்திக் கிடந்த சோற்றை அள்ளிப் பசுவுக்குப் போடும்போது தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கோவிந்தம்மாள் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. பலகைக்கு எதிரில் நின்றாள், உட்காரவில்லை.

"ஆம்பளன்னு எப்படித் தெரியும்?"

ரஞ்சிதம் காட்டினாள். முதலில் வால், பிறகு வயிறு. விதைகள் இருக்கும் இடத்தைக் கத்தி முனையால் தொட்டுக் காண்பித்தாள். பெரிய சாரைக்கு அவை கொழுத்து, வெளுத்து, நெல்லிக்காயை நீட்டிவிட்டதுபோல இருந்தன. சிறியதற்கு வாடிய நூலாக இருந்தன.

"இது ஏன் இப்படி இருக்குது?"

"தெரியலக்கா. நோவா இருக்கலாம். வயசு பத்தாம இருக்கலாம். ஒண்ணே ஒண்ண வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

"ஆனா இதுவும் சண்டை போட்டுச்சு."

"ஆங். போட்டுச்சு. பொட்ட கெடச்சிருந்தா சேந்தும் இருக்கும்."

"சேந்தா?"

"இப்படி வத்திப்போயிருந்தா முட்டைக்கு உயிர் வராது. வெளியே பாத்தா எதுவும் தெரியாது."

கோவிந்தம்மாள் நூலாகக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தாள். "மனுசாளுக்கும் இப்படி இருக்குமா?"

"இருக்கும்னுதான் மிஸ் சொல்லியிருக்காங்க. டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்."

"என்ன ரெண்டு டாக்டரம்மா பாத்தாங்க. ஒரு கொறையும் இல்லன்னாங்க. அத யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு அத்தை சொல்லிட்டாங்க." அதைச் சொன்னபோதும் அவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "இத்தோட என்கிட்ட பேசாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துரைக்கண்ணு மண்டலம் முடியக் காத்திருக்கவில்லை. பாம்பு செத்ததோடு வேண்டுதலும் போயிற்று என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டான். ஆனி பிறந்ததும் திருவாலங்காட்டிலிருந்து அவனுடைய மாமன் பக்தவச்சலம் தாம்பூலம் மாற்ற வந்தார். வெள்ளை மீசை வைத்த, நிதானமான மனிதர். அந்த வகையறாவில் அவர் சொல்லை மீறி யாரும் கல்யாணம் செய்ததில்லை. பங்காளிகள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு பச்சைப் புடவை. ரஞ்சிதத்துக்குத் தலை வாரிப் பூ வைத்து, தாயாரம்மாள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்திருந்தாள்.

"எனக்கு இஷ்டமில்லீங்க" என்றாள் ரஞ்சிதம், பக்தவச்சலத்தைப் பார்த்து.

"பொண்ணுங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று ஒரு பங்காளி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பக்தவச்சலம் தட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"மாமா, ஒரு நிமிசம்."

சமையலறை வாசலில் கோவிந்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பானகச் செம்பு. அந்த வீட்டில் ஆண்கள் கூடியிருந்த இடத்தில் அவள் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"என்ன மெட்ராசுல ஒரு டாக்டரம்மாவும் சித்தூர்ல ஒரு டாக்டரம்மாவும் பாத்தாங்க. உன்கிட்ட எதுவும் கொறை இல்லன்னு சொன்னாங்க. அத்தை கூட இருந்தாங்க. கேளுங்க."

தாயாரம்மாள் தரையைப் பார்த்தாள்.

"பத்து வருசமா என்ன மட்டும்தான் டாக்டர்கிட்டயும் மந்திரவாதிகிட்டயும் இஸ்துகினு போனாங்க. இவர ஒருத்தரும் பாக்கல. பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. இவளக் கட்டி வெச்சு, இவளுக்கும் பொறக்கலன்னா இன்னும் ஒருத்தியக் கொண்டாருவீங்களா?"

"ஆம்பளைக்கு இன்னாடி கொறை?" என்று தாயாரம்மாள் சீறினாள்.

"அது டாக்டர் சொல்லட்டும்."

துரைக்கண்ணு எழுந்தான். அவன் கை ஓங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அவன் சத்தமும் அன்றைக்குத்தான் வெளியே கேட்டது. என்ன வார்த்தை என்று சொல்லத்தக்கதில்லை. பக்தவச்சலம் உட்கார்ந்தபடியே அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒக்காரு துரை. கேக்கறதுல தப்பில்ல. நீ போயி ஒரு டாக்டரப் பாத்துட்டு வா. எதுவும் இல்லன்னு அவரு சொல்லட்டும். மறுநாளே நானே முன்ன நின்னு கட்டி வெக்கறேன்."

"நான் எதுக்குப் பாக்கணும்?"

"இந்தப் பொண்ணு ஆயுசுக்கும் கெடக்கணுமே, அதுக்கு."

"என்ன சந்தேகப்படறியா மாமா?"

"இதுவரைக்கும் படல" என்றார் பக்தவச்சலம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தட்டு மாறவில்லை. பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள்.

துரைக்கண்ணு எந்த டாக்டரிடமும் போகவில்லை. போகாததே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. ஆனி மாதச் சந்தையில் அதைப் பற்றிச் சிரிக்காதவர்கள் இல்லை. அந்த வாரமே மெட்ராஸ் கல்லூரிகள் திறக்கப்போவதாகப் பத்திரிகையில் வந்தது. அதற்குக்கூட அவன் காத்திருக்கவில்லை. டிரங்குப் பெட்டியை வாசல் மண்ணில் கொண்டுவந்து கவிழ்த்தான். பாவாடைகளும் புத்தகங்களும் கோழி எச்சத்தில் சிதறின.

"பொறுக்கிகினு போ. இந்த எல்லையில உன்னப் பாக்கக் கூடாது."

ரஞ்சிதம் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். கண்ணையன் வண்டியைப் பூட்டினான். "நீங்க வந்து பாம்பத் தொட்டப்பவே தெரியும், இந்த ஊடு நாசமாவும்னு" என்றான் அவளுக்குக் கேட்கும்படி.

வண்டி கிளம்பும் சமயம் கோவிந்தம்மாள் வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் ரஞ்சிதம் வண்டியிலிருந்து இறங்கப் போனாள். அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நீயும் வந்துடுக்கா. ரெண்டு பேருமாப் போயிடலாம். எங்கயாவது வேல தேடிக்கலாம்."

"நான் எதுக்கு வரணும்? இது என் ஊடு. இனிமே ஒருத்தனும் இவருக்குப் பொண்ணு குடுக்க மாட்டான். என்னை விட்டா இவருக்கு ஆளில்ல. இங்கதான் இருப்பேன்."

"அடிக்கறாரே."

"அது எனக்கும் அவருக்கும்."

ரஞ்சிதம் அக்காவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். கோவிந்தம்மாள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ அறுத்துக் காட்டலன்னா நான் நம்பிகினே இருந்திருப்பேன்" என்றாள். "நம்பிகினு இருந்தாலாச்சும் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். இப்ப அவரு மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அந்த நூலு மாதிரி கெடந்ததுதான் தெரியுது. அந்த மூஞ்சியப் பாத்துகினுதான் நான் சோறு போடணும், சாவற வரைக்கும். இனிமே இங்க வராதே. எனக்கு எதனா ஆச்சுன்னு சொல்லியனுப்பினாலும் வராதே."

"வரல" என்றாள் ரஞ்சிதம்.

வண்டி கரும்புக்கொல்லையைத் தாண்டியது. ரஞ்சிதம் திரும்பிப் பார்த்தபோது வாசல் காலியாக இருந்தது. ஸ்டேஷனில் கண்ணையன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். மெட்ராஸ் வண்டியில் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. பட்டணத்துக்குப் போகிறவர்களைவிடப் பட்டணத்தை விட்டு வருகிறவர்கள்தான் இன்னும் அதிகம். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காது இன்னமும் சில சமயம் அடைத்துக்கொண்டது.

ஒரே ஒரு பிராணியின் உடம்பில் எல்லா அதிகாரத்தையும் தேடச் சொன்னார்கள், அவளும் தேடினாள். கண்டுபிடித்ததில் தவறில்லை. யாராவது மறுத்தால் மறுபடியும் இரண்டு சாரையை அறுத்துக் காட்டுவாள். அக்கா இருக்கும் வீட்டில் மட்டும் அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசித்துப் பார்த்தாள். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பச்சைப் புடவையை இன்று தான் கட்டியிருக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. அரக்கோணம் வரைக்கும் யோசித்தும் எந்தப் பக்கம் சாய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அரக்கோணத்தில் கட்டுச்சோற்று மூட்டையோடு ஒரு குடும்பம் ஏறி, அவளைத் தள்ளி உட்காரச் சொன்னது. அவள் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.